தளிகை உள்ளில் ஒரு மெஷ் பெட்டி

வைஃபைக்கு ஏற்ற வீடு என்று ஒன்று இருந்தால், அதற்கு நேர் எதிரான வீடு எங்களுடையது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில், வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவருக்குக் காது கேட்காத அளவுக்கு நீளம். அகலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வாசல் அறை, ரேழி என்கிற நடை, கூடம், கூடத்தை ஒட்டிப் பூஜைக்குப் பெருமாள் உள், அடுத்தது தளிகை உள் (எங்கள் வீடுகளில் சமையலறைக்கு அதுதான் பெயர்), பிறகு கிணற்று முற்றம், அதற்கும் பின்னால் ஓர் அறை. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். ஜன்னல் திட்டில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு கனம். இந்த வீட்டை நான் பார்த்து எடுக்கவில்லை. கல்யாணத்தோடு சேர்ந்து வந்தது.

அந்தக் கடைசி அறையில்தான் என் வேலை. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக, காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் சிறு குழு ஒன்றை வீட்டிலிருந்தபடியே நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்குக் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் உத்தியோகம். அதை விட்டுவிட்டு வர முடியாது. மகள் இங்கே இரண்டாம் வகுப்பு. மாமனார் போன பிறகு இந்த நீள வீட்டில் மாமியார் தன்னந்தனியாக இருந்தார். நாங்கள் எல்லாருமாக ஒரே கூரையின் கீழ் இருக்க முடிந்ததே, நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கம்பெனி ஒப்புக்கொண்டதால்தான். அதற்கு அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இணையம் அறுந்துபோகக் கூடாது. அறுந்துகொண்டே இருந்தால் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

அறுந்தது. அறுந்துகொண்டே இருந்தது.

ரூட்டர் வாசல் அறையில் இருந்தது. கேபிள் வீதியிலிருந்து வருகிறது, அவ்வளவு தூரம்தான் இழுத்துத் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, நானும் வாசல் அறையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். காலையில் கீரைக்காரம்மா, அதன் பின் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் பழைய இரும்பு வியாபாரி, அதன் பின் கோயிலுக்கு வழி கேட்கிற வெளியூர்க்காரர்கள். ஒருநாள் பெருமாள் புறப்பாட்டின் நாதஸ்வரம் நேராக என் மீட்டிங்குக்குள் புகுந்தது. மேலாளர் பொறுமையாக அது முடியும்வரை காத்திருந்து, "வீட்டுல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். தினம் ஒரு விசேஷம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மறுநாளே மேஜை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

வாசலிலிருந்து பின் அறை வரை ஒரு ஒயர் இழுத்துவிட்டால் தீர்ந்தது என்று கணவர் சொன்னார். சொல்வது அவருக்குச் சுலபம், அவருடைய ஆபீசில் எல்லாம் ஒயரில்தான் ஓடுகிறது. வீட்டுக்குள்ளே இழுப்பதென்றால் பெருமாள் உள்ளின் சுவரில் ஓட்டை போட வேண்டும். மாமியாரிடம் அதைக் கேட்கவே இவருக்குத் தைரியம் வரவில்லை. மொட்டை மாடி வழியாக இழுத்தோம். அந்த வாரமே குரங்குகள் வந்து அதைப் பிய்த்துப் பக்கத்து வீட்டு மாமரத்தில் தோரணமாகக் கட்டிவிட்டுப் போயின. போதாக்குறைக்கு, தேர் வரும் நாட்களில் வீதியின் குறுக்கே போகும் ஒயர்களை எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். தேர் போன பிறகு எல்லார் வீட்டு ஒயரையும் திரும்பக் கட்டுவார்கள். எங்கள் வீட்டு ஒயர் மட்டும் கடைசி.

அப்போதுதான் மெஷ் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில், மூன்று வெள்ளைப் பெட்டிகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு கடைக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். ஒன்றை ரூட்டரோடு சேர்க்க வேண்டும். இரண்டாவதை வீட்டின் நடுவில் வைக்க வேண்டும். மூன்றாவதைக் கடைசியில். ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்திவிடும். வீடு பூராவும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். "செட் பண்ணிட்டு மறந்துடலாங்க" என்றார். அந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ காலை வேளைகளில், அந்த மனிதரை நேரில் பார்த்தால் என்ன கேட்பேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

முதல் பெட்டி வாசலில், இரண்டாவது கூடத்தில், மூன்றாவது என் அறையில். ஆப்பில் மூன்றாவது பெட்டிக்கு எதிரே சிவப்பு. கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவே பெருமாள் உள்ளும் தளிகை உள்ளும் நின்றன. கூடத்துப் பெட்டியை எங்கே நகர்த்தினாலும் சிவப்பு. ஸ்டூல் மேல் வைத்தேன், பீரோ மேல் வைத்தேன், ஊஞ்சல் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தேன். மகள் என் பின்னாலேயே போனை வைத்துக்கொண்டு நடந்து, "சிவப்பும்மா, சிவப்பும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பச்சை காட்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். தளிகை உள்ளில், மேல் தட்டில், பித்தளை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில். அங்கிருந்து பார்த்தால் பின் ஜன்னல், முற்றம் தாண்டி நேர் எதிரே என் அறை ஜன்னல். நடுவில் சுவரே இல்லை. கடைக்காரர் சொன்ன வீட்டின் நடு அதுதான்.

அது என் மாமியாரின் ராஜ்ஜியமும்கூட. அவர் மடியாகத் தளிகை பண்ணுகிறவர். மடி என்றால், குளித்துவிட்டு, யார் கையும் படாமல் உயரத்துக் கொடியில் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு, தளிகை முடிந்து பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணும் வரை வெளி ஆளையும் வெளிப் பொருளையும் தொடாமல் இருப்பது. மற்றதெல்லாம் விழுப்பு. நானும் விடிந்ததும் குளிக்கிறவள்தான். ஆனால் குளித்த கையோடு லேப்டாப்பைத் தொடுகிறேன், போனைத் தொடுகிறேன், ஸ்கூல் பையைத் தொடுகிறேன். அதனால் பகல் சாப்பாடு ஆகும்வரை தளிகை உள்ளின் வாசற்படியை நான் தாண்டுவதில்லை. கல்யாணமான புதிதில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, சமைக்கிற வேலை மிச்சம் என்று சமாதானம் ஆகிவிட்டேன்.

பெட்டியை உள்ளே வைக்கச் சம்மதம் கேட்டேன். மாமியார் அதை எட்ட நின்று பார்த்தார்.

"மிக்ஸி இருக்கோல்லியோ, அது மாதிரி ஒண்ணுன்னு நெனச்சுக்கோங்கோ" என்றேன்.

"மிக்ஸி இங்கேயே இருக்கறது. நான் மட்டும்தான் தொடறேன். இது என்ன பண்ணும்?"

இங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் எனக்கு எடுத்த பாடத்தை அவருக்கு எடுத்தேன். "மூணு பெட்டியும் பார்க்கத்தான் தனித்தனிம்மா. வாசல்ல இருக்கறதும் இதுவும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுண்டே இருக்கற மாதிரி. மூணும் சேர்ந்து ஒண்ணு."

அவர் யோசித்தார். அந்த யோசனை முகத்தில் ஓடுவதைப் பார்க்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"வாசல் பெட்டியைக் கேபிள்காரன் தொடறான், நீ தொடறே, கொழந்தை தொடறா. அதுவும் இதுவும் ஒண்ணுன்னா இதுவும் விழுப்புதானே? இருந்துட்டுப் போகட்டும். நான் தொட மாட்டேன்."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. இப்படியாக, வீட்டின் நடுவில், காலை முழுவதும் என்னால் கிட்டே போக முடியாத, அவரால் தொட முடியாத ஒரு பெட்டி உட்கார்ந்தது.

முதல் சில நாட்கள் சொர்க்கம். அதன் பிறகு ஒருநாள், காலை மீட்டிங் நடுவில் எல்லாம் உறைந்துபோயிற்று. முற்றத்தில் நின்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன். "அம்மா, அந்தப் பெட்டிக்குப் பக்கவாட்டுல ஒரு பொத்தான் இருக்கும். ஒரு தடவை அமுக்கிட்டாப் போறும், சரியாயிடும்."

"என்னைத் தொடச் சொல்றியா? அடுப்புல பெருமாளுக்குத் தளிகை ஆயிண்டிருக்கு."

வேறு வழியில்லாமல் அறைக்குத் திரும்பி, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் தானாகவே வந்துவிட்டது. பரவாயில்லை, சமர்த்துப் பெட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நல்ல அபிப்பிராயம் ஒரு வாரம் நிலைக்கவில்லை. காலை மீட்டிங் ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் லைன் போகும். நான் "ஹலோ, ஹலோ, கேக்கறதா?" என்று கத்துவேன். சில நாள் திரும்ப வரும், பல நாள் வராது. மத்தியானம் உள்ளே போய்ப் பார்த்தால் பெட்டியில் நீல விளக்குக்குப் பதில் ஆரஞ்சு விளக்கு சிமிட்டும். ஆப்பைத் திறந்தால், "புதிய பெட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, சேர்க்கலாமா?" என்று கேட்கும். புதிய பெட்டியாம். நேற்றுத்தான் பெயர் வைத்துப் பாஸ்வேர்ட் கொடுத்து உட்கார வைத்திருந்தேன். தினமும் மத்தியானம் அதற்கு நான் யார் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதைத் தீர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆவி பட்டுக் கெட்டுப்போகிறது என்று பெட்டியை அடுப்பிலிருந்து தள்ளி வைத்தேன். மிக்ஸி ஓடும்போது போகிறதோ என்று, மாமியாரைத் தேங்காயை முன்கூட்டியே அரைத்துக்கொள்ளச் சொன்னேன். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று ஒரு ஸ்டெபிலைசர் வைத்தேன். எலி கடித்திருக்கும் என்று ஒயரை மாற்றினேன். கஸ்டமர் கேர் பெண், ஒவ்வொரு முறையும் புதிதாக, "உங்க பிரச்னை எங்களுக்குப் புரியுது மேடம்" என்று ஆரம்பித்து, பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்வாள். பெட்டி இருக்கும் இடத்துக்கு இப்போது போக முடியாது என்பேன். "ஏன் மேடம், பூட்டியிருக்கா?" என்பாள். மடி என்றால் என்ன என்பதை ஒரு கஸ்டமர் கேர் பெண்ணுக்கு விளக்க முயன்றவர்கள் யாராவது இருந்தால் என் நிலைமை புரியும்.

டெக்னீஷியன் ஒருவர் வந்தார். வருகிறேன் என்று சொன்ன நாளில் வரவில்லை. சமயபுரத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம், பாலத்தைத் தாண்ட முடியவில்லை என்றார். மறுநாள் காலையில் வந்து, கூடத்தில் நின்றபடியே தளிகை உள்ளை எட்டிப் பார்த்தார்.

"கிச்சன்ல யாருங்க வைக்கச் சொன்னது? ஆவிங்க மேடம், உள்ள போயிருக்கும்."

"தள்ளி வச்சாச்சு."

"அப்ப சுவருங்க. இந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் எதுவும் வேலைக்காகாதுங்க."

"நாள் பூரா நன்னாத்தான் இருக்கு. காலைல மட்டும்தான் போறது."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு பெட்டி போட்டுப் பாருங்க" என்றார்.

எரிச்சலில் அதையும் வாங்கினேன். நாலாவது பெட்டி ரேழிக்குப் போயிற்று. இப்போது ரேழியில் இணையம் அமோகமாக இருந்தது. அங்கே யாரும் இருப்பதில்லை, செருப்புகள் மட்டும்தான். காலை மீட்டிங் வழக்கம்போல அறுந்தது.

இதற்குள் மேலாளரின் குரல் மாறிவிட்டது. முன்பெல்லாம் "பரவால்ல, திரும்ப ஜாயின் பண்ணுங்க" என்பவர், ஒருநாள் எல்லாரும் போன பிறகு என்னை மட்டும் நிறுத்திவைத்தார். "உங்க வேலையில குறை சொல்ல முடியாது. ஆனா டீம் லீட் தினம் காலைல பாதியில காணாமப் போனா எப்படி? இந்த மாசம் பாருங்க. இல்லைன்னா இங்க வந்துடுங்க." அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். மாமியார் எனக்கு மோர் விட்டுக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது, பிறகு விட்டார்.

"ஹாஸ்டல்ல இருந்துக்கலாம், வாரக் கடைசியில வந்துடலாம்" என்றார் கணவர். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடலாம் போலிருந்தது. ஏழு வயதுப் பெண் குழந்தையை வாரக் கடைசியில் வந்து பார்ப்பதற்கு ஒரு வெள்ளைப் பெட்டி காரணமாக இருக்கப் போகிறதா?

மறுநாள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். விளக்கு நீலத்திலிருந்து எப்போது ஆரஞ்சுக்கு மாறுகிறது, அப்போது எது ஓடுகிறது என்று என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில், கிணற்றின் ஓரமாக, தளிகை உள்ளின் பின் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். உள்ளே மேல் தட்டில் நீல விளக்கு எரிந்தது. மாமியார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கறியமுதை (பொரியல் கறியமுது, ரசம் சாத்தமுது, எங்கள் வீடுகளில் அப்படித்தான்) கிளறிக்கொண்டிருந்தார். மிக்ஸி ஓடவில்லை. குக்கர் சத்தம் இல்லை. மீட்டிங் ஆரம்பித்தது. நான் எப்போதும் போல, "ஹலோ, நான் பேசறது எல்லாருக்கும் கேக்கறதா?" என்றேன்.

அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு மூங்கில் கோல் மெல்ல மேலே எழுந்தது.

அது மடிக்கோல். உயரத்துக் கொடியில் மடிப் புடவையைக் கைபடாமல் உலர்த்தவும் எடுக்கவும் வைத்திருக்கும் நீளக் கோல். அதன் நுனி காற்றில் கொஞ்சம் ஆடி, குறி பார்த்து, பித்தளை அடுக்கைத் தாண்டிப் பெட்டியின் பக்கவாட்டில் போய் நின்றது. மாமியார் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். நீல விளக்கு அணைந்தது. அவர் விடவில்லை. என் திரையில் முகங்கள் எல்லாம் வாய் திறந்தபடி உறைந்தன. அவர் அப்போதும் விடவில்லை. ஆரஞ்சு விளக்கு சிமிட்ட ஆரம்பித்ததும் திருப்தியாகக் கோலைச் சுவரில் சாத்திவிட்டு, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அம்மா."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் திரும்பிப் பார்த்து, ஜன்னலில் என்னைக் கண்டு, "வந்துடுத்தா?" என்றார். அவ்வளவு ஆவலாகக் கேட்டார்.

"என்ன வந்துடுத்தா? தினம் இதைத்தான் பண்ணிண்டிருக்கேளா?"

"பின்னே? அன்னிக்கு அமுக்கச் சொன்னியோல்லியோ. கையால தொட முடியாது, கோலால தொட்டா என்னன்னு தோணித்து. அமுக்கினேன், ஒனக்குச் சரியாயிடுத்து. அதுலேர்ந்து நீ கேக்கறதா, கேக்கறதான்னு ஆரம்பிச்ச ஒடனே அமுக்கிடறேன். நீ வேற எழுந்து வரணுமா?"

கேட்கிறதா என்று நான் கேட்பது, மீட்டிங் ஆரம்பிக்கும்போது உலகத்தில் எல்லாரும் கேட்பது. லைன் நன்றாக இருக்கும்போதும் கேட்பது. அதைக் கேட்டதும் இவர் அமுக்குவார். அமுக்கியதும் லைன் போகும். லைன் போனதும் நான் நிஜமாகவே கத்துவேன். கத்தினால்?

"லேசா அமுக்கினா நீ மறுபடியும் கத்தறே. சரியாப் படலையோன்னு, நன்னா அழுத்திப் பிடிச்சேன். வெளக்கு நெறம் மாறற வரைக்கும்."

அழுத்திப் பிடித்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்து புதிதாகிவிடும். ஆவியும் இல்லை, எலியும் இல்லை. ஸ்டெபிலைசரும் நாலாவது பெட்டியும் டெக்னீஷியனும், நான் தூங்காமல் படித்த அத்தனை வழிமுறைகளும் தண்டம். நான் என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. என் வேலையே போகப் போகிறது என்று சொன்னேன். யார் உங்களைக் கேட்டது என்றேன். இனிமேல் அந்தக் கோலைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று, மகளை மிரட்டுகிற குரலில் சொன்னேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். "காது கேக்கறச்சே ஏண்டிம்மா கேக்கறதான்னு கேக்கணும்?"

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

அன்றிலிருந்து நெட்வொர்க் மணி போல வேலை செய்தது. ஆப்பைத் திறந்தால் நாலு பெட்டிக்கும் பச்சை. மேல் தட்டில் நீல விளக்கு அசையாமல் எரிந்தது. நான் "கேக்கறதா" என்று கேட்பதையே விட்டுவிட்டு, நேரே "குட் மார்னிங்" என்று ஆரம்பித்தேன். மாமியார் மீட்டிங் நேரத்தில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட வராமல் பார்த்துக்கொண்டார். மடிக்கோலைத் தளிகை உள்ளிலிருந்தே எடுத்து, கூடத்து மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். புடவை உலர்த்தும்போது அங்கே நடந்து போய் எடுத்து வருவார். எனக்கு அது உறுத்தியது. ஆனால் திரும்ப வையுங்கள் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மாதக் கடைசியில் மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இருந்தும் படம் கண்ணாடி போலத் தெளிவு. அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் முள் நகர்வதுகூடத் தெரிந்தது.

"உங்க லைன் இப்ப சூப்பரா இருக்குங்க" என்றார் முதலில்.

நான் சிரித்தேன். நன்றி என்றேன்.

"நான் மேல சொல்லிப் பார்த்தேன். இது உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்குமேதான். அடுத்த மாசத்துலேர்ந்து வாரத்துல நாலு நாள் ஆபீஸ் வரணும். வீட்டுலேர்ந்து வேலைங்கறதே இனிமே இல்ல. லைனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. கம்பெனி எடுத்த முடிவு."

ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. "என்ன சொன்னேள், சரியாக் கேக்கலை" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடக்கூட வழியில்லாத அளவுக்குத் துல்லியமாகக் கேட்டது. இத்தனை மாதமாக நான் பாடுபட்டு இழுத்து வந்த இணையம், இந்த முழுப் பேச்சையும் குறையில்லாமல் கொண்டுவந்து கொடுத்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மூலையிலிருந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து முற்றத்துக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று இருந்தது.

"வரேன் சார்" என்று சொல்லி அணைத்தேன். கணவருக்குப் போன் செய்தேன். "சென்னைக்கு வரச் சொல்லிட்டா" என்றேன். அவர் என்ன கேட்டாரோ, "ஆமா, நாலு நாள். அடுத்த மாசத்துலேர்ந்து. ஆமா, முடிவாச் சொல்லிட்டா" என்றேன். எதிர் ஜன்னல் திறந்திருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாமியார் என் அறை வாசலில் நின்றார். மடிப் புடவையோடு நின்றார். தளிகை பாதியில் இருக்கும்போது அவர் முற்றத்தைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. தூறலில் தலை நனைந்திருந்தது.

"இன்னிக்கு நான் தொடலைடீ" என்றார். "கோல் கூடத்துல இருக்கு. அந்தப் பக்கமே நான் போகலை."

"அதுக்கு இல்லம்மா. எல்லாரையுமே வரச் சொல்றா. லைனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? என் வேலையே போகப் போகிறது என்று ஜன்னலில் நின்று கத்தியவள் நான்தானே. என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அறைக்குள் வந்து, நான் தடுப்பதற்குள் என் கையிலிருந்த போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். நாள் முழுக்க நானும் குழந்தையும் தொடுகிற போன். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்த மேனேஜருக்குப் போட்டுக் குடு. பெட்டியைக் கெடுத்தது நான்தான், என் மாட்டுப்பொண் மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்றேன். இனிமே நடக்காதுன்னு சொல்றேன்."

"அம்மா, அவர்கிட்ட சொல்லி ஒண்ணும் ஆகாதும்மா."

"நீ போட்டுக் குடேன். நான் பேசிக்கறேன்."

முற்றத்துக்கு அந்தப் பக்கம் சாத்தமுது பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. அவருக்கும் வந்திருக்கும். ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போனை என் பக்கம் நீட்டியபடியே நின்றார்.